ஹொனிங்ஸ்வோக் வரை முன்னே சென்ற லாரி ஓட்டுநருக்கு

வட நார்வேயில் நூர்காப் முனைக்குச் செல்லும் ஈ69 சாலையில், போர்சாங்கர் கடற்கழியை ஒட்டிய வளைவொன்றில் எங்கள் கார் டயர் வெடித்து, நட்டுகளும் கழற்ற முடியாதபடி இறுகிக் கிடந்தபோது, லாரியை நிறுத்தி இறங்கி வந்தவரே, உங்களுக்கு எங்கள் நன்றி.

ஜூலையிலும் அங்கு வீசும் குளிர்காற்றில் நடுங்கிய எங்கள் மகளை முதலில் அவள் தாயுடன் உங்கள் லாரிக்குள் அமர்த்தி, சாலையோரம் மேய்ந்த கலைமான்களைக் காட்டிச் சிரிக்க வைத்த பிறகே ஸ்பானரைக் கையில் எடுத்தீர்கள். கடல்மட்டத்திற்கு 212 மீட்டர் கீழே இறங்கும், ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதையை மாற்றுச் சக்கரத்துடன் கடக்க நாங்கள் அஞ்சியதைச் சொல்லாமலேயே உணர்ந்து, ஹொனிங்ஸ்வோக் நகர் வரை எங்களுக்கு முன்னே மெதுவாக ஓட்டினீர்கள் (பின்னால் வந்தவர்கள் எவரும் ஒலிப்பான் அடிக்காதது இன்னொரு வியப்பு).

பெயர் கேட்பதற்குள் கையசைத்துச் சென்றுவிட்டீர்கள். இப்பதிவு உங்களை எட்டினால் ஒரு வரி எழுதுங்கள். நூர்காப்பின் அடையாளமான, பூமிப்பந்து வடிவ இரும்பு உருண்டை முன் எடுத்த படத்தை மகள் உங்களுக்கு அனுப்ப விரும்புகிறாள்.