பேப்பரில் வந்த மாத்திரை கடைக்கு வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

‘காணாக்கடிக்கு இனி நிரந்தரத் தீர்வு’ என்று உங்கள் நாளிதழில் போன வாரம் வந்த செய்தியைப் பற்றித்தான் எழுதுகிறேன். தோலில் அரிப்பும் தடிப்புமாக எழும்புகிற காணாக்கடிக்கு, அதைத் தூண்டும் ஒரு புரதத்தையே மூடிவிடும் புதிய மருந்து பற்றிய செய்தி அது. சேலம் அஸ்தம்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து எடுத்துவந்து "இந்த மாத்திரை இருக்கா" என்று கேட்கிறார்கள். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அம்மா இதற்காகவே பஸ் பிடித்து இறங்கி வந்திருந்தார், முழங்கை முதல் மணிக்கட்டு வரை திட்டுத் திட்டாகத் தடிப்பு, நகம் பட்ட இடமெல்லாம் சிவந்த கோடாக எழும்பி நிற்கிறது. இன்னும் வரலைம்மா என்றேன். "பேப்பர்லயே போட்டிருக்காங்களே" என்றார். நான் என்ன சொல்ல?

உள்ளே எழுதியிருந்ததில் பெரிய தப்பு கிடையாது, தலைப்புதான் ஆளைக் கெடுத்தது. தோலில் மாஸ்ட் செல் என்று ஒரு வகை நோய் எதிர்ப்பு செல் இருக்கிறது, அதற்குள் இருக்கும் ஹிஸ்டமின் வெளியே கொட்டினால்தான் அரிப்பும் தடிப்பும். நாங்கள் தரும் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை, கொட்டிய ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்தை அடைத்து வைக்கும், கொட்டுவதை நிறுத்தாது. அதனால்தான் மாத்திரையை விட்டதும் பலருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. நீங்கள் எழுதிய எம்.ஆர்.ஜி.பி.ஆர்.எக்ஸ்.2 என்ற புரதம் அந்த மாஸ்ட் செல்லின் மேலேயே இருக்கும் ஒரு ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் பொருள் வந்து ஒட்டும் இடம். அதைத் தூண்டினால் செல் கொட்டுகிறது, சரி, அதை மூடிவிட்டால் கொட்டாதே என்பது மருந்து கம்பெனிகளின் கணக்கு. நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்களின் தோலில் இந்த ஏற்பி உள்ள மாஸ்ட் செல்கள் அதிகம் என்றும் பார்த்திருக்கிறார்கள், ஆக ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஆசைக்கும் அட்டைப்பெட்டியில் மாத்திரை வருவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்! அலர்ஜிக்குக் காரணமான ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தை 1960களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதைக் குறிவைத்த ஓமாலிசுமாப் ஊசிக்கு அமெரிக்காவில் 2003இல் ஆஸ்துமாவுக்கும், 2014இல்தான் காணாக்கடிக்கும் அனுமதி கிடைத்தது. அதன் விலையைச் சொன்னால் இங்கே பாதிப் பேர் பேசாமல் திரும்பிப் போய்விடுவார்கள், அது வேறு கதை. இந்தப் புதிய ஏற்பிக்கு வந்தால், இன்சைட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மருந்து காணாக்கடி நோயாளிகளிடம் இரண்டாம் கட்டச் சோதனை வரை போய், விலங்குகளிடம் நச்சு விளைவு தெரிந்ததால் 2024இல் நிறுத்தி வைக்கப்பட்டது. வேறு கம்பெனிகள் முயன்றுகொண்டுதான் இருக்கின்றன. எலியை நம்பியும் எல்லாம் சொல்லிவிட முடியாது: ஆபரேஷனில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் ரோகுரோனியம் எலியின் ஏற்பியைச் சுலபமாகத் தூண்டுகிறது, மனித ஏற்பியைத் தூண்டப் பல மடங்கு அதிகம் வேண்டும். இதில் ஒரு வரியாவது செய்தியில் இருந்திருக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம், இன்றைக்கே உதவக்கூடிய விஷயத்தை விட்டுவிட்டீர்களே என்பதுதான். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சின்சோங் டோங் குழுவினர் 2015இல் காட்டியது என்னவென்றால், நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் சில மருந்துகளே இந்த ஏற்பியைத் தூண்டிவிடும் என்பது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அதில் ஒன்று. வழக்கமான அலர்ஜிக்கு உடம்பு அந்தப் பொருளை முன்பே ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும், இதற்கு அது தேவையில்லை, முதல் தடவையிலேயே உடம்பெல்லாம் சிவந்து அரிக்கலாம். வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கை நரம்பு வழியாக வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவப்பதற்கும் இதே ஏற்பியைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். அந்த பாட்டிலைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது மெதுவாக ஏற்றுவது அதனால்தான். ‘சீக்கிரம் முடிங்க சிஸ்டர்’ என்று அவசரப்படுத்துகிற உறவினர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

நம் ஊரில் கேட்டால் "எனக்கு ஊசி ஒத்துக்காதுங்க" என்பார்கள். எந்த ஊசி? தெரியாது. செவ்வாய்ப்பேட்டையில் போட்டது, சிவப்பு மூடி போட்ட பாட்டில், அவ்வளவுதான் நினைவிருக்கும். மருந்தின் பெயரை ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த டாக்டரிடமும் ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் காட்டினால் போதும், மாற்று மருந்தை அவர்கள் யோசித்துக்கொள்வார்கள். மூச்சுத்திணறலோ நாக்கு வீக்கமோ வந்தால் மட்டும் கடைக்கு வராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆகவே இனி இப்படிச் செய்தி போடும்போது, சோதனை செல்லிலா, எலியிலா, மனிதரிலா, எந்தக் கட்டம் என்பதை முதல் பத்தியிலேயே போடுங்கள். முடிந்தால் ஒத்துக்காத மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வைக்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தியும் போடுங்கள், அதை வெட்டி என் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்