முழுக்கைச் சட்டை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலியின்மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன். கடிதம் எழுதுவது கைதானே என்று நீ திருப்பிக் கேட்பாய். சோம்பல்தான், வேறொன்றுமில்லை. இங்கே மார்த்தாண்டம் பக்கம் சாரல் விட்டபாடில்லை. வாரத்தில் இரண்டு நாள் ரப்பர் பால் வெட்டு நடந்தால் பெரிய காரியம். உனக்கென்று சக்கை வற்றல் ஒரு டின் எடுத்து வைத்திருக்கிறேன். ஓணத்துக்குள் நீ வரவில்லையென்றால் நானே தின்றுவிடுவேன்.

உங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பெண்கள் முக்காடு போடுவது குறைந்துவிட்டது என்று குறைப்பட்டு எழுதியிருந்தாய். அதே வாரம் எங்கள் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் இரண்டாம் நாள் உபாகமம் 22:5-ஐ எடுத்தார். "புருஷரின் உடைகளை ஸ்திரீகள் தரிக்கலாகாது." வாசித்து முடித்ததும் அவர் கண் நாலாவது பெஞ்சில் வந்து நின்றது. அங்கே என் பக்கத்தில் பெங்களூரிலிருந்து வந்திருந்த பேத்தி, ஜீன்ஸும் குர்தாவுமாக. பிரசங்கியாருக்குப் பின்னால் எங்கள் போதகர் கணுக்கால்வரை தொங்கும் வெள்ளை அங்கியில் உட்கார்ந்திருந்தார். என் நைட்டிக்கும் அதற்கும் தையலில் பெரிய வித்தியாசம் கிடையாது. கர்த்தர் மன்னிக்கட்டும், பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பேத்தி அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "பாட்டி, இந்த வசனத்தையெல்லாம் இன்னும் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டாள். பிரசங்கத்தைவிட அதுதான் என்னைக் குத்தியது. இரவு தூக்கம் வரவில்லை. வேதாகமத்தை எடுத்து அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். எட்டாம் வசனம் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டச் சொல்கிறது, யாரும் விழுந்து சாகாதபடிக்கு. பதினோராம் வசனம் ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த துணியை உடுத்தக் கூடாது என்கிறது. பிரசங்கியாரின் கோட்டு எதில் நெய்தது என்று யாரும் கேட்கவில்லையே! இறையியல் படித்த என் தம்பி மகனிடம் மறுநாள் போனில் கேட்டேன். 'புருஷரின் உடை' என்று நாம் வாசிக்கும் இடத்தில் எபிரெயத்தில் இருப்பது 'கெலி' என்ற சொல்லாம். பாத்திரம், கருவி, ஆயுதம் எல்லாவற்றுக்கும் அதே சொல். அடுத்த பாதியில் ஸ்திரீயின் உடைக்குத்தான் துணியைக் குறிக்கும் 'சிம்லா' வருகிறதாம். ஆணின் போர்க்கோலத்தைப் பெண் பூணக் கூடாது என்பதாகவும் அதை வாசித்தவர்கள் உண்டு என்றான்.

அவன் பேசி முடிக்கும்போது பால் வெட்டுகிறவள் வாளியோடு உள்ளே வந்தாள். நைட்டிக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, நெற்றியில் விளக்கு. அந்தச் சட்டை என் வீட்டுக்காரருடையது. அவர் போன பிறகு நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கொசுவுக்கும் பால் கறைக்கும் அதைவிட்டால் வேறு காப்பு இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் புருஷன் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நடப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். எந்தப் பிரசங்கியாராவது அதை அருவருப்பு என்று சொல்லிக் கேட்டதுண்டா? உழைக்கிறவள் போட்டால் கண்ணுக்குத் தெரியாத சட்டை, சம்பளம் வாங்கும் சின்னப் பெண் போட்டால் மட்டும் வசனமாகிவிடுகிறது.

வரலாற்றுப் பாடம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? நம் மாவட்டத்தில் உடுப்புக்காகப் பட்ட பாட்டை நம் ஆட்களே மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. நாடார் பெண்கள் மாரை மறைத்தால் அடித்துக் கிழித்த காலம். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம், ஆனால் மேல்ஜாதியார் போல அதன்மேல் தோள்சீலை போடக் கூடாது என்று 1829இல், அப்போது நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது. மிஷனரிகளுக்கு உடம்பு மூடினால் போதும். நம் பாட்டிமாருக்கு அது போதவில்லை. குப்பாயத்துக்கு மேல் சீலையையும் போட்டுக்கொண்டுதான் சந்தைக்குப் போனார்கள். மானத்தை மறைக்க மட்டும் அல்ல, மற்றவளுக்குச் சமமாக நடக்கவும்தான். நாடார் பெண்கள் மாரை மறைக்கலாம் என்று 1859 ஜூலையில் வந்த உத்தரவுகூட, மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற வாலோடுதான் வந்தது. எதிர்த்தவர்கள் சொன்ன நியாயம் என்ன? வழக்கம் கெட்டுவிடும் என்பது. அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்திமார் உட்கார்ந்திருந்த சபையில் அன்று கேட்டதும் ஏறக்குறைய அதே பேச்சு.

முடி விஷயமும் அப்படித்தான். ஆண் முடி வளர்ப்பது கனவீனம் என்று 'சுபாவமே' போதிக்கிறது என்கிறார் பவுல். நம் தாத்தாமார் குடுமியும் கடுக்கனுமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். குடுமியை வெட்ட வேண்டுமா என்று மிஷனரிகளுக்குள்ளேயே சண்டை நடந்து, 1867இல் கால்டுவெல் குடுமிக்குப் பரிந்து ஒரு சிறு நூலே எழுத வேண்டியிருந்தது. கர்த்தருக்கென்று நேர்ந்துகொண்ட நசரேய விரதக்காரன் தலையில் சவரகன் கத்தி படக் கூடாது என்று எண்ணாகமம் சொல்வதையும் சேர்த்துக்கொள்.

பேத்தி சொன்னதையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. வசனத்தைத் தூக்கி எறிவதற்கு நான் ஆள் இல்லை. ஆணும் பெண்ணுமாகப் படைத்ததில் ஓர் அழகு இருக்கிறது. அதை மறைத்து ஒருவரையொருவர் ஏமாற்றாதே என்று அது சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது. உங்கள் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸே, பொதுவாக அது தவறு என்று சொல்லிவிட்டு, வேறு உடை இல்லாதபோதோ எதிரிகளிடமிருந்து ஒளியும்போதோ பாவமில்லை என்று விட்டுக்கொடுத்திருக்கிறார். எது ஆணுடை, எது பெண்ணுடை என்பதை மட்டும் வானத்திலிருந்து யாரும் தைத்து அனுப்பவில்லை. முண்டு உடுத்த கிழவிகளையும் முண்டு உடுத்த கிழவர்களையும் ஒரே திண்ணையில் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்?

இதையெல்லாம் பேத்தியிடம் சொன்னேன். பாதிதான் கேட்டாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த முறை வரும்போது சபைக்கு வருவாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. போதகர் மட்டும் மறுநாள் வீட்டுக்கு வந்து, கட்டன் சாயா குடித்துவிட்டு, "அம்மா, பிள்ளை மனம் நொந்திருக்கும், இல்லையா" என்றார். நல்ல மனிதர். அங்கியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

முக்காட்டைப் பற்றி உன்னோடு நேரில் சண்டை போடுகிறேன். உங்கள் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அந்த விதியே இல்லை என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

வரும்போது உன் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டைகள் இருந்தால் இரண்டு எடுத்துக்கொண்டு வா. பால் வெட்டுகிறவளுக்குக் கொடுத்தது தோளில் கிழிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது; அதை விடியற்காலைக் குளிருக்கு நான் போட்டுக்கொள்கிறேன், கொடுக்க மனம் இல்லை.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழி