தெளிகருவியில் மீண்டும் மீண்டும் எரியும் திரான்சிற்றர்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலபோகம் தொடங்கினால், மாங்குளத்திலுள்ள எனது சிறு திருத்தகத்துக்கு முதுகில் சுமந்து மருந்து விசிறும் 12 வோல்ற்றுப் பற்றறித் தெளிகருவிகள் வரத் தொடங்கிவிடும். அவற்றுட் பல, வேறிடத்தில் புதிய திரான்சிற்றர் பொருத்தப்பட்டு, இரண்டு மூன்று நாட்களில் அதுவும் எரிந்துபோன நிலையில் வருபவை. திருத்துநர் பலர் எரிந்ததை மாற்றுகிறார்களே தவிர, அது ஏன் எரிந்தது என்று பார்ப்பதில்லை.

வேகக் குமிழை எப்படித் திருகினாலும் மோட்டர் முழு வேகத்திலேயே ஓடுமாயின், மோட்டருக்குப் போகும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மொஸ்பெற் வகைத் திரான்சிற்றர் உள்ளே குறுஞ்சுற்றாகியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது முதலில் ஐயுற வேண்டியது மோட்டருக்குக் குறுக்கே இருக்கும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயியையே (டயோட்). வேகத்தைக் குறைப்பதற்காகத் திரான்சிற்றர் மின்னோட்டத்தை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி விடுகிறது. ஒவ்வொரு தடவையும் மோட்டர்ச் சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் சட்டென நிற்க மறுத்து, இருவாயி வழியே சுற்றி அடங்குகிறது. இருவாயியின் பற்றாசு வெடித்து அந்த வழி அடைபட்டால், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ‘ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என்’ என்ற திரான்சிற்றர் தாங்கக்கூடிய 55 வோல்ற்றையும் தாண்டி அழுத்தம் பாய்கிறது.

கைக்கு அகப்பட்ட ‘1 என் 4007’ இருவாயியை அவ்விடத்தில் வைப்பதும் தவறு. அது 1000 வோல்ற்றைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் 1 அம்பியருக்கே உரியது, மின்னோட்டத்தைத் தடுத்து மூடுவதிலும் மந்தமானது. அது மூடுமுன் திரான்சிற்றர் திறப்பதால், பற்றறியின் மின்னோட்டம் இரண்டினூடாகவும் நேரே பாய்ந்து ஓயாமற் சூடேற்றும். இந்த வேலைக்கு 3 அம்பியர், 40 வோல்ற்றுக்குரிய ‘1 என் 5822’ என்ற, விரைவாக மூடும் சொட்கி வகை இருவாயி பொருத்தமானது.

அடுத்தது பம்பி. கழுவாமல் வைத்த மருந்து உள்ளே காய்ந்து மோட்டரை இறுக்கிப் பிடித்தால், சுருளின் தடை 1.5 ஓம் எனக் கொண்டாலும் 8 அம்பியர் வரை இழுக்கும். பழைய பற்றறியின் அழுத்தமோ அந்தச் சுமையில் மிகவும் இறங்கிவிடும். திரான்சிற்றரைத் திறந்து மூட வைக்கும் படலை முனைக்குப் (கேற்) போவதும் அதே பற்றறியின் அழுத்தமே. அங்கே 10 வோல்ற்று இருந்தால் திரான்சிற்றரின் தடை 0.0175 ஓம் மட்டுமே. 3 அம்பியர் ஓடினாலும் ஏறத்தாழ 0.16 வாற்றுத்தான் வெப்பமாகும். படலையில் அழுத்தம் போதாமல் அரைகுறையாகத் திறந்து 3 வோல்ற்று அதிலேயே விழுமாயின் அது 9 வாற்றாகும். வெப்பத்தகடு இல்லாத திரான்சிற்றர் அதைத் தாங்காது. பாடநூற்காரர் இம்முனைக்குப் படலை என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! முழுதாகத் திறக்கவும் வேண்டும், முழுதாக மூடவும் வேண்டும்.

புதியதைப் பொருத்தியபின் பற்றறியை நேரடியாக இணைக்காமல், வாகனச் சிக்னலுக்குரிய 21 வாற்று மின்குமிழைத் தொடராக வைத்துச் சோதிப்பது நல்லது. வேகக் குமிழ் பூச்சியத்தில் இருக்கும்போதே மின்குமிழ் எரிந்தால் பிழை இன்னும் தீரவில்லை. மின்குமிழ் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் புதிய திரான்சிற்றராவது தப்பிவிடும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட வன்னியில், பழைய வானொலியிலிருந்து கழற்றிய ஒற்றைத் திரான்சிற்றரை இழக்க அஞ்சியே நாங்கள் இப்படிப் பழகினோம்.

இக்கருவிகளை விற்போர் சுற்று வரைபடத்தையும் இருவாயியின் இலக்கத்தையும் உத்தரவாத அட்டையுடன் தருவார்களாயின், முழுப் பலகையையும் மாற்றுவதற்காகக் கமக்காரர் மருந்தடிக்கும் நாளில் யாழ்ப்பாணத்துக்குப் பேருந்து ஏற வேண்டியிராது.

இப்படிக்கு,
மின்கருவி திருத்துநர் ஒருவர்,
மாங்குளம்.