இன்னொரு கவாயைத் தேடும் ராப்டர்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, 2025 செப்டம்பர்

அன்பான தம்பிமார், தங்கச்சிமார், என் வயதொத்த அண்ணைமார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம்.

இந்தக் கோடை முழுக்க நீங்கள் மில்வாக்கி அணியின் கூடைப்பந்து நட்சத்திரம் யானிஸை, ஆள் மாற்றிக்கொள்ளும் ஒரு ட்ரேட்டில், நம் ரொறன்ரோ ராப்டர்ஸுக்கு வாயாலேயே கொண்டுவந்துகொண்டே இருந்தீர்கள். கலியாண மண்டபத்தில் ரோல்ஸ் கடித்தபடி கொண்டுவந்தீர்கள். பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கு வெளியே காத்திருந்தபடி கொண்டுவந்தீர்கள். தேர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னரும் ஒருமுறை கொண்டுவந்தீர்கள். கொடுக்கிற ஆள்கள் அவ்வப்போது மாறினாலும் கதை ஒன்றுதான்: ஆர்ஜே பாரெட்டையும் குவிக்லியையும் கொடுப்போம், மேலே இரண்டு மூன்று முதற்சுற்று பிக் (வரும் ஆண்டுகளில் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) வைப்போம், ஸ்கொட்டி பார்ன்ஸை மட்டும் தரமாட்டோம், யானிஸ் வந்துவிடுவார். மில்வாக்கி என்ன சொல்லும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் சார்பில் நான் கொஞ்சம் கதைக்கிறேன், கோபிக்காதீர்கள்.

சம்பளக் கணக்கில் உங்களுக்குப் பிழை இல்லை. 2025-26 பருவத்தில் யானிஸுக்கு 54 மில்லியன் டொலருக்குச் சற்று மேல். குவிக்லிக்கு 32.5, பாரெட்டுக்கு 27.7, இரண்டையும் கூட்டினால் 60 வந்துவிடுகிறது. ஆனால் சம்பளம் பொருந்தியதும் ட்ரேட் முடிந்துவிட்டது என்று எழுந்து போகிறீர்களே, அங்கேதான் சிக்கல். மில்வாக்கியின் நிலையைப் பாருங்கள். 2023 இல் டேமியன் லில்லார்டை எடுத்தபோது தங்கள் 2029 முதற்சுற்று பிக்கையும், 2028 இலும் 2030 இலும் பிக் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் போர்ட்லண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஜூலையில் அதே லில்லார்டை விடுவித்து, கொடுக்கவேண்டிய மிச்சப் பணத்தை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிவிட்டார்கள். ஆண்டுக்கு 22 மில்லியனுக்கு மேல், தங்களுக்கு ஆடாத ஒருவருக்குப் போகிறது. மைல்ஸ் டர்னரைக் கொண்டுவந்து யானிஸின் மனதைப் பிடித்துவைக்க அவ்வளவு விலை கொடுத்தவர்கள், நாளைக்கே அவரை விற்கவேண்டி வந்தால் எதைக் கேட்பார்கள்? இரண்டு மூன்று ஆண்டு தோற்று, அந்தத் தோல்விக்குக் கிடைக்கும் முன்வரிசை பிக்கால் மீள்வோம் என்று அவர்களால் இருக்க முடியாது; தோல்வியின் பலனில் போர்ட்லண்டுக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே வரும் நாளிலேயே அணியைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரு இளைஞனைத்தான் கேட்பார்கள். நம்மிடம் அப்படி இருப்பவர் ஒருவர்தான். அவரைத் தரமாட்டோம் என்றுதானே பேச்சையே தொடங்குகிறீர்கள்? மூன்று பழைய கொரோலாவைத் தள்ளிக்கொண்டு போய் பென்ஸ் கடை வாசலில் நிற்கிற கதைதான் இது.

பிக்குகளைப் பற்றியும் ஒரு சொல். ‘ஐந்து பிக் கொடுப்போம்’ என்று சில தம்பிமார் தாராளமாகச் சொல்கிறார்கள். ஏழு ஆண்டுகளுக்கு அப்பால் உள்ள பிக்கைக் கொடுக்க முடியாது. வரப்போகிற ஆண்டுகளில் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு முதற்சுற்று பிக் இல்லாமல் நிற்கவும் முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லண்ட் அணியை வைத்திருந்த டெட் ஸ்டெப்பியன் பிக்குகளை வாரி இறைத்த பிறகு, அவர் பெயராலேயே வந்த விதி அது. இடைவெளியை மாற்று உரிமைகளால்தான் நிரப்பலாம். நம்மைப்போன்ற ரசிகர்களிடமிருந்து முதலாளிமாரைக் காப்பாற்றத்தான் அந்த விதி என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

உங்கள் தலைக்குள் ஓடுவது 2018 ஜூலை என்று எனக்குத் தெரியும். டெமார் டெரோசனையும் பெர்டலையும் ஒரு முதற்சுற்று பிக்கையும் கொடுத்து, கவாய் லெனார்டையும் டானி கிரீனையும் எடுத்தோம். பதினொரு மாதத்தில் என்பிஏ கிண்ணம் வந்தது. 2019 மே 12 அன்று கவாய் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தரம் துள்ளி விழுந்ததைப் பார்த்த எவருக்கும், ஒரே அடியில் எல்லாவற்றையும் மாற்றலாம் என்ற எண்ணம் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ட்ரேட் ஏன் நடக்க முடிந்தது? ட்ரேட்டுக்கு முந்திய பருவத்தில் கவாய் காயத்தோடு ஒன்பது ஆட்டம்தான் ஆடியிருந்தார். சான் அன்ரோனியோவில் இருக்க விரும்பவில்லை. அடுத்த கோடையில் விலகிவிடலாம் என்பதால், ஓராண்டுக்காக மட்டும் பெரிய விலை கொடுக்க மற்ற அணிகள் தயங்கின. இத்தனை பழுதும் சேர்ந்துதான் அவர் விலையை நம் கைக்கு எட்டும்படி இறக்கின.

அதைவிட முக்கியம், அவர் வந்து சேர்ந்த இடம். முந்திய பருவத்தில் 59 ஆட்டம் வென்ற அணி அது. கைல் லௌரி, இபாக்கா, சியாக்கம், வான்வ்லீட் எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். நம்மை 4-0 என்று துடைத்துவிட்ட லெப்ரான் அதே ஜூலையில் லேக்கர்ஸுக்குப் போய், லீக்கின் கிழக்குப் பிரிவில் வழி திறந்துகிடந்தது. இப்போது இருப்பது 30 வென்று 52 தோற்ற அணி. இதில் பாதியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு கவாயைக் கொண்டுவந்தால், அவருக்குப் பந்து எறிய யார் மிஞ்சுவார்கள்?

எல்லாவற்றையும் கொடுத்து நட்சத்திரத்தை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு, அதே கவாயே அடுத்த ஆண்டு ஒரு பாடம் வைத்துவிட்டுப் போனார். 2019 ஜூலையில் அவர் கிளிப்பர்ஸுக்குப் போக, அவருக்குத் துணையாகப் பால் ஜோர்ஜையும் எடுக்கவேண்டி வந்தது. அதற்காக ஓக்லஹோமாவுக்கு ஐந்து முதற்சுற்று பிக், மேலே மாற்று உரிமைகள், டானிலோ கலினாரி, கூடவே இருபது வயது ஹமில்ட்டன் பையன் ஒருவன். ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர். இந்த ஆண்டு அவர் எம்விபி, அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்; கிண்ணமும் அவர் அணிக்கே. அந்த பிக்குகளில் ஒன்றில் வந்த ஜேலன் வில்லியம்ஸ் அவர் பக்கத்திலேயே ஆடுகிறார். கிளிப்பர்ஸ் இன்றுவரை இறுதிச் சுற்றின் வாசலை மிதித்ததில்லை. ‘ஷாயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவோம்’ என்று கதைப்பவர்கள், அவர் ஓக்லஹோமாவுக்குப் போனதே இன்று நீங்கள் கேட்கிற மாதிரியான ஒரு ட்ரேட்டால்தான் என்பதை ஒருதரம் யோசியுங்கள்.

சரி, பிறகு எந்த ட்ரேட்டைப் பார்த்துத்தான் படிப்பது? என்னைக் கேட்டால், கிரெய்விஸ் வாஸ்கெஸ் என்பேன். சிரிக்காமல் கேளுங்கள்.

2013 டிசம்பர். நமக்கு 18 ஆட்டத்தில் 12 தோல்வி. அணியில் அதிகம் சம்பளம் வாங்கியவர் ரூடி கே, அவரைத்தான் விற்றார்கள். சாக்ரமென்ரோவிலிருந்து நான்கு பேர் வந்தார்கள்: வாஸ்கெஸ், பட்ரிக் பட்டர்சன், ஜோன் சால்மன்ஸ், சக் ஹேய்ஸ். நட்சத்திரம் ஒருவரும் இல்லை. அணியைக் கலைத்துத் தோற்கப் போகிறார்கள் என்றே எல்லோரும் எழுதினார்கள். அடுத்தது லௌரி நியூயோர்க்குக்கு என்று பேச்சு. நிக்ஸ் முதலாளியே கடைசியில் பின்வாங்கினார் என்று அப்போது பரவலாகச் செய்தி வந்தது. அதற்குச் சில மாதம் முன்னர்தான் பார்ன்யானியை அவர்கள் தலையில் கட்டியிருந்தோம். சூடு கண்ட பூனை. அந்தப் பருவம் 48-34 என்று முடிந்தது. சிலவேளை நடக்காத ட்ரேட்தான் பெரிய வெற்றி. பல ஆண்டுகளுக்குப் பிறகு 2021 மார்ச் 25, லௌரியின் 35 ஆவது பிறந்தநாளன்றே ட்ரேட் கெடு முடிந்தபோதும் இந்தக் கதைதான் ஓடியது. அன்றும் அவர் போகவில்லை.

வாஸ்கெஸிடம் வருகிறேன். 2015 இல் அவரை மில்வாக்கிக்கு அனுப்பினோம். கிடைத்தவை இரண்டு: 46 ஆவதாகத் தேர்வான நோர்மன் பவல், 2017 க்கான ஒரு கிளிப்பர்ஸ் பிக். பவல் கிண்ணம் வென்ற அணியில் ஆடினார். அந்த பிக் 23 ஆம் இடத்தில் ஓஜி அனுனோபி ஆனது. 2020 செப்டம்பரில் பொஸ்டனுக்கு எதிராக 0.5 விநாடி மிச்சம் இருக்க, லௌரி உயரத் தூக்கி எறிந்த பந்தை மூலையில் வாங்கிப் போட்டாரே, அதே ஓஜி. 2023 டிசம்பர் 30 அன்று அவரைக் கொடுத்துத்தான் பாரெட்டும் குவிக்லியும் வந்தார்கள். அதாவது, இன்று நீங்கள் விற்கத் துடிக்கிற இரண்டு பேரும், ஒருவருக்கும் வேண்டாமல் இருந்த ரூடி கேயின் ஒப்பந்தத்துக்குப் பேரப்பிள்ளைகள்.

இன்னொரு வம்சமும் உண்டு. பார்ன்யானிக்குக் கிடைத்த 2016 பிக் ஒன்பதாம் இடத்தில் யாக்கப் பெர்டலானது. அந்தப் பெர்டல்தான் கவாய் ட்ரேட்டில் கூடப் போனவர். கவாய் வந்ததே இப்படிச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்ததால்தான். மார்க் கசோலை 2019 பெப்ரவரியில் எடுத்தபோதும் வலஞ்சூனாஸ், டெலன் ரைட் என்று கொடுப்பதற்கு உருப்படியான ஆள்கள் கையில் இருந்தார்கள். கையில் சரக்கு இல்லாமல் சந்தைக்குப் போகவில்லை.

இதைச் சொல்வதால் நிர்வாகத்துக்குக் கொடி பிடிக்கிறேன் என்று எண்ணவேண்டாம். 2023 இல் பிரெட் வான்வ்லீட் ஹூஸ்டனுக்குப் போனபோது நமக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. பெப்ரவரியில் விற்றிருக்கவேண்டும் என்று அன்று கத்தியவர்கள் சொன்னது சரி. அதே பெப்ரவரியில் பெர்டலைத் திருப்பி எடுக்கக் கொடுத்த பிக் மறு ஆண்டு எட்டாம் இடத்தில் போய் விழுந்தது; நடுத்தர அணிக்கு அது அநியாய விலை. சியாக்கம் விடயத்திலும் இழுத்து இழுத்து, 2024 ஜனவரியில் மூன்று பிக்குக்குக் கொடுத்தார்கள். இந்த ஆண்டு அவர் இந்தியானாவை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம்வரை கொண்டுபோனார், கிழக்கு இறுதியில் சிறந்த ஆட்டக்காரர் பரிசும் அவருக்குத்தான். நிர்வாகத் தலைவராக இருந்த மசாய் உஜிரி ஜூனில் போய்விட்டார். பொது முகாமையாளர் பொபி வெப்ஸ்டர் கையில் இப்போது சாவி. அவரைக் கேள்வி கேளுங்கள், நன்றாகவே கேளுங்கள். ‘ஏன் யானிஸை எடுக்கவில்லை’ என்பது மட்டும் கேள்வி ஆகாது. ‘பெர்டலுக்கு ஏன் அவ்வளவு கொடுத்தீர்கள்’ என்பது கேள்வி.

மூத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. வின்ஸ் கார்ட்டரை 2004 டிசம்பரில் நியூஜெர்சிக்குக் கொடுத்துக் கைக்கு வந்தது என்ன? அலன்ஸோ மோர்னிங் இங்கே காலடி வைக்கவே இல்லை. பணம் கொடுத்து அனுப்பிவைத்தோம். இன்னும் இரண்டு ஆட்டக்காரர், இரண்டு பிக். அதற்காக அந்த மனிதனைப் பத்து ஆண்டு கூவித் திட்டினோம். 2024 நவம்பரில் அவருடைய 15 ஆம் எண்ணைக் கூரையில் ஏற்றியபோது கண்ணீர் விட்டதும் நாம்தான். டெரோசன் ஒன்பது பருவம் இங்கேயே ஆடி, இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்றிருந்தவர். அந்த ட்ரேட் சரியானதுதான், அவருக்குப் பட்ட காயமும் உண்மைதான். இரண்டையும் ஒரே வாயால் சொல்லப் பழகலாம். மிசிசாகாவில் வளர்ந்த பாரெட்டை அவர் தாய் தகப்பன் பக்கத்து வரிசையில் இருந்து பார்க்கிற அரங்கிலேயே ‘குப்பை ஒப்பந்தம்’ என்று கத்தாமல் இருந்தால் அதுவே போதும்.

இப்போதைய அணிக்கு வருவோம். பார்ன்ஸ், இங்கிராம், குவிக்லி, பாரெட், பெர்டல் ஐவரின் சம்பளமும் சேர்ந்தால் 156 மில்லியன் தாண்டுகிறது. லீக் இந்தப் பருவத்துக்கு வைத்த சம்பள உச்சவரம்பே 154.6. ஐந்து பேரிலேயே வரம்பு முடிந்துவிட்டது. ஆடம்பர வரிக் கோடு 187.9 இல் இருக்கிறது. நாம் அதை உரசிக்கொண்டு நிற்கிறோம். முந்திய பருவம் 30 ஆட்டம் வென்ற அணிக்கு வரி கட்ட எந்த முதலாளியும் சம்மதிக்கமாட்டார். வேடிக்கை என்னவென்றால், இந்த ஐவரும் இன்றுவரை ஒரு ஆட்டம்கூடச் சேர்ந்து ஆடியதில்லை. பெப்ரவரியில் எடுத்த இங்கிராம் கணுக்கால் காயத்தால் இன்னும் நம் சீருடையில் களம் இறங்கவே இல்லை, மூன்று ஆண்டு 120 மில்லியனுக்குக் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். அவரையும் இரண்டு தரம் விற்றுவிட்டீர்கள், ஒருமுறை சாக்ரமென்ரோவுக்கு.

என் வேண்டுகோள் பெரிதல்ல. ஜனவரி முடியும்வரை, ஐம்பது ஆட்டம்வரை, இந்த ஐவரையும் ஆட விடுங்கள். பார்ன்ஸும் இங்கிராமும் ஒரே இடத்தில் நின்று பந்தைக் கேட்கிறார்களா, குவிக்லியால் ஓர் அணியை ஓட்ட முடிகிறதா, பெர்டல் இருக்கும்போது உள்ளே வழி அடைபடுகிறதா என்று பாருங்கள். அதன்பிறகு யாரை விற்கலாம் என்று கதைப்போம், நானும் வருகிறேன். வரும்போது ஒரே நிபந்தனை: ஆளுக்கொரு ட்ரேட் சொல்லலாம், ஆனால் சொல்பவர் மற்ற அணியின் கதிரையில் இருந்து அதை ஏற்கவேண்டும். நீங்கள் மில்வாக்கி, நீங்கள் அட்லாண்டா, நீங்கள் பீனிக்ஸ். உங்கள் ட்ரேட்டுக்கு நீங்களே தலையாட்ட முடியாவிட்டால் ரோல்ஸைச் சாப்பிட்டு முடியுங்கள்.

பெப்ரவரிக் கெடுவுக்குள் ஏதாவது நடந்தால், அது சின்னதாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். பெஞ்சில் இருக்கிற ஒருவரும் ஓர் இரண்டாஞ்சுற்று பிக்கும் எங்கேயோ போக, சம்பளப் பட்டியல் வரிக் கோட்டுக்குக் கீழே இறங்கும். அன்றைக்கு ‘இதெல்லாம் ஒரு ட்ரேட்டா அண்ணை?’ என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறவர்கள், எந்த ஆண்டு பிக் போனது, யாருடைய பிக் போனது என்பதையும் மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு ராப்டர்ஸ் ரசிகன்