பையை விடுங்கள், வருகைப் பதிவேட்டைப் பாருங்கள்

சென்னையிலுள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் வணக்கம்.

ஜூன் 26 வந்தால் பிரேயரில் கைநீட்டி போதை எதிர்ப்பு உறுதிமொழி எடுக்கிறோம். நடுவில் ஒருநாள் திடீர் பை சோதனை. அதில் சிக்குவது பெரும்பாலும் செல்போனும் சீப்பும்தான். நீங்கள் தேடுவது பையில் இருக்காது. வகுப்பாசிரியரின் மேஜையில் இருக்கிறது.

வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். காலையில் இருந்தவர் மதியம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி, அதுவும் அதே மூன்று பேர். இன்டர்வெல் மணி அடித்து பத்து நிமிடம் கழித்து உள்ளே வருகிறார்கள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள் மாதக்கணக்கில் 'ரிப்பேரில்' கிடக்கிறது. இதில் தனியாக எடுத்தால் எதுவும் சான்றாகாது. "இந்தப் பிள்ளை எப்போதுமே இப்படியா, இந்த இரண்டு மாதமாகத்தானா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் 'இரண்டு மாதமாக' என்றால் கவனிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான்.

எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து அடையாளம் மாறும். டெஸ்குக்கு அடியில் குட்டி டீ பேக் மாதிரி கிடந்தால் அது கூல் லிப், உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம். அதை அடக்கி வைக்கும் இடத்தில் உதட்டின் உட்புறம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். பாக்கும் புகையிலையும் கலந்த மாவா போட்டால் பல்லில் கறை படியும். நாளாக ஆக வாய் திறப்பது குறையும். தன் மூன்று விரலை நெடுக்காக வாய்க்குள் நுழைக்க முடியாவிட்டால் பல் டாக்டர் பார்க்க வேண்டும். பள்ளியிலேயே பல் மருத்துவ முகாம் வையுங்கள். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் விஷயம் தெரிந்துவிடும்.

கஞ்சா என்றால் சிவந்த கண், வறண்ட வாய், கேள்விக்குத் தாமதமாக வரும் பதில், பாக்கெட்டில் கண் சொட்டு மருந்து. ஆனால் மெட்ராஸ் ஐ வந்தாலும் கண் சிவக்கும், அதில் பீளை தள்ளும். ராத்திரி முழுக்க போன் பார்த்தாலும் சிவக்கும். அவசரப்படாதீர்கள்.

வலி மாத்திரையைப் போதைக்கு எடுப்பவர்களின் கண்மணி, மங்கிய வெளிச்சத்திலும் ஊசிமுனையாகச் சுருங்கியே இருக்கும். உட்கார்ந்தபடியே தலை தொங்கும், மூக்கைச் சொறிவார்கள். மாத்திரை கிடைக்காத நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல், வயிற்றுப்போக்கு. ஜலதோஷம் என்று விட்டுவிடுவோம். அக்னி நட்சத்திர வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடிக்க மறுத்தால் ஊசித் தழும்பாக இருக்கலாம், பிளேடால் கீறிக்கொண்ட காயமாகவும் இருக்கலாம். இரண்டுக்குமே உடனடி உதவி தேவை.

போதைக்காக மோந்து பார்க்கும் ஒயிட்னர், பஞ்சர் சொல்யூஷன் விஷயத்தில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மூச்சில் கெமிக்கல் வாடை, வாயைச் சுற்றிச் சொறி, விறைத்துப்போன கர்ச்சீப் என்று பார்த்த உடனே கத்தித் துரத்தாதீர்கள். அந்த ஆவி உள்ளே போயிருக்கும்போது திடீர்ப் பயமும் ஓட்டமும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, நின்ற இடத்திலேயே உயிரைப் பறிக்கலாம். மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.

யாராவது மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பக்கத்தில் கிடக்கும் மாத்திரை அட்டையை டாக்டரிடம் கொடுங்கள்.

சிறுநீரில் போதைப் பொருளைக் கண்டறியும் 'டெஸ்ட் கிட்' வாங்கலாமா என்று சில பள்ளிகள் யோசிக்கின்றன. வேண்டாம். ஒயிட்னர் அதில் தெரியாது. டேபென்டடால் போன்ற வலி மாத்திரையும் வழக்கமான சோதனைப் பட்டையில் தெரியாது. கசகசா அரைத்த குருமா சாப்பிட்ட பிள்ளைக்கு மட்டும் 'பாசிட்டிவ்' காட்டக்கூடும்.

அதற்குப் பதில் ஒரு நோட்டு போதும். வகுப்பாசிரியர் இரண்டு வாரத்துக்குத் தேதி, நேரம், கண்ணால் கண்டது ஆகியவற்றை மட்டும் எழுதட்டும். "போதையில் இருந்தான்" என்று எழுதக் கூடாது; "2.10-க்கு வந்தான், பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்ட பிறகு திரும்பினான்" என்று எழுத வேண்டும். இன்னொரு ஆசிரியரும் அதையே கவனித்திருந்தால், தெளிவாக இருக்கும் ஒரு நாளில், பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர் தனியாகப் பேசட்டும். வேலையில் இருக்கும் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்டாஃப் ரூமில் நிற்க வைப்பது அதற்கு முன்னால் வேண்டாம். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு எல்லாம்கூட இப்படித்தான் தெரியும். அதனால் முதலில் டாக்டர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. மனநல உதவிக்கு 14416, போதை மீட்பு உதவிக்கு 14446 எண்களில் இலவசமாகப் பேசலாம்.

டி.சி. கொடுத்து அனுப்புவதுதான் எங்களுக்குப் பெரிய வருத்தம். எட்டாம் வகுப்பு முடியும்வரை கல்வி உரிமைச் சட்டம் 2009 அதை அனுமதிப்பதில்லை. அதற்கு மேல் சட்டம் தடுக்காவிட்டாலும், டி.சி. வாங்கிய பிள்ளைக்குப் பகல் முழுக்கத் துணை யார் என்று யோசியுங்கள்.

கடைக்காரர் பக்கம் வருவோம். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது 300 அடிக்குள், புகையிலை விற்கக் கூடாது. இதைச் சொல்லும் 2003 புகையிலைச் சட்டத்தின்படி அபராதம் 200 ரூபாய் வரைதான்; கட்டிவிட்டு மறுநாளே கடை திறப்பார். சிறுவர்களுக்குக் கொடுத்தது தெரிந்தால், புகாரில் சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவையும் எழுதுங்கள்: ஏழு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். புகாரைப் பள்ளி லெட்டர்பேடில் கொடுத்து ரசீது வாங்குங்கள். எந்த மாணவர் பெயரும் அதில் வேண்டாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அந்த நோட்டையும் பல் மருத்துவ முகாமையும் முதல் பொருளாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வளரிளம் பருவத்தினருக்குப் போதை மீட்பு ஆலோசனை தருவோர், சென்னை