தம்பிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. பாப்பா சங்கிலியை மீட்க நீ அனுப்பிய பணம் வந்தது. பணம் மட்டும்தான் வந்தது.

அப்பா போனில் ரம்மி ஆடியதற்கு நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரைதான் காரணம் என்று சொன்னதற்கு, ஆடியில் நீ கேட்டதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "ரம்மி ஆடியது மாத்திரை என்றால் அப்பா யார்? எல்லாம் மூளைதான் என்றால் திருடனையும் திட்டக்கூடாதே" என்றாய். சின்ன வயதிலும் கேள்வி கேட்டே வாத்தியாரைத் திணறடிப்பாய், அந்தப் பெருமை எனக்கு உண்டு. ஆனால் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாயே.

டாக்டரிடம் மறுபடி போய்க் கேட்டேன். அப்பாவுக்கு வந்திருக்கிற பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமின் என்கிற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் அழிகின்றன. அவருக்குக் கொடுத்த பிராமிபெக்சோல் மாத்திரை அந்த டோபமினைப் போல வேலை செய்து நடுக்கத்தை அடக்குகிறது. ஆசையைத் தூண்டுவதிலும் டோபமினுக்குப் பங்கு உண்டாம், அதனால் சிலருக்குச் சூதாட்ட வெறி வந்துவிடுகிறது. 58 வயதுவரை சீட்டைத் தொடாத மனுஷன் தம்பி. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்கள், வெறி போய்விட்டது. நடுக்கம் திரும்பிவிட்டது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். மூளை சதையாகவே இருக்கட்டும், எடுத்துச் சொன்னால் கேட்கிற சதை அது. அந்தக் கேட்கிற இடத்தைத்தான் மாத்திரை கெடுத்தது. அன்றைக்கு நான் அழுது கெஞ்சியும் அவருக்கு ஏறவில்லை. இப்போது போனை அவரே என்னிடம் கொடுத்துவிட்டார். மாத்திரைதான் காரணம் என்று டாக்டர் சொன்னபோது, "விரல் என்னுதுதானே" என்றார்.

உன்னிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். பழக்கத்தில் ஏதாவது மாறினால் உடனே சொல்லுங்கள் என்று மாத்திரை எழுதும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். மாசியிலேயே பார்த்துவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வெளிச்சம். நான் யாரிடமும் சொல்லவில்லை. கை நடுங்காமல், ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார், அதை விட மனசு வரவில்லை. பீரோவைத் திறந்து பாப்பா சங்கிலியை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். எனக்கு எந்த மாத்திரையும் இல்லை. வேண்டாம் என்று உள்ளே ஒன்று சொன்னது. நன்றாகக் கேட்டது. கேட்டும் கொடுத்தேன்.

கோபமானால் என்மேல் வை. ஆறு மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பார், என் போனில் கூப்பிடு. போனைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், வைத்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

அம்மா