மஞ்சள் கட்டம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தொடர்ந்து நைட் டூட்டி, திட்டாதே. மகள் நன்றாகப் படிக்கிறாள். முழங்கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை.

"இனி கம்ப்யூட்டரைக் கேட்டுத்தான் வைத்தியம் பார்ப்பாயா?" என்று குத்தியிருந்தாய். சிரிக்காமல் கேள். போன மாதம், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற ஒரு பாட்டிக்குச் சிறுநீர்த் தொற்று. கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக்கைக் கம்ப்யூட்டரில் எழுதினேன். திரையில் எச்சரிக்கை சொல்லும் மஞ்சள் கட்டம் குறுக்கே வந்தது. விரல் தானாகப் போய் மூடிவிட்டது. ஒரு வரி படிக்கவில்லை. பார்மசியிலிருந்து போன் வந்ததும்தான் முதுகு சில்லிட்டது. இரண்டும் சேர்ந்தால், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் எகிறும், ரத்தம் கசியும். நீயும் நானும் மாணவர்களாக இருந்தபோதே மனப்பாடம் செய்தது! நல்ல வேளை, மருந்து பாட்டி கைக்குப் போகவில்லை.

அன்று காலையிலிருந்து எத்தனை கட்டங்களை மூடியிருப்பேனோ. பெரும்பாலும் உப்புச் சப்பில்லாதவை. புலி வருது கதைதான்.

1976-இல் கிளமென்ட் மெக்டொனால்ட் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு ஆய்வு வெளியிட்டார், ஒன்பது டாக்டர்களை வைத்து. கம்ப்யூட்டர் ஞாபகப்படுத்தியபோது கவனிக்க வேண்டியவற்றில் 51 சதவீதத்தைக் கவனித்தார்கள், ஞாபகப்படுத்தாதபோது 22. படிப்புக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, இரண்டு முறையும் அதே டாக்டர்கள். தலைக்குள் அத்தனையும் நிற்காது, அவ்வளவுதான். எனக்கு அந்த 51-தான் உறுத்துகிறது. சொல்லியும் பாதியை விட்டிருக்கிறார்களே!

இப்போது பார்மசிஸ்டோடு உட்கார்ந்து, எது குறுக்கே வரவேண்டும், எது ஓரத்தில் இருந்தால் போதும் என்று பிரித்துக்கொண்டிருக்கிறோம். எழுதாதே என்று மட்டும் சொல்லும் கட்டத்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினினின் கடைசி அளவையும் பக்கத்தில் காட்டி, "சிறுநீரகம் சரியாக இருந்தால் இதற்குப் பதில் நைட்ரோஃபுரான்டாயின் கொடுக்கலாமா?" என்று கேட்டால் கை நிற்கும்.

அந்தப் பாட்டியிடம் மறுநாள் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பையைத் துழாவி ஒரு வலி மாத்திரை அட்டையை எடுத்தார். பாதி காலி. ஐபுப்ரோஃபென்! வார்ஃபரினோடு அதுவும் ஆகாது. எந்தப் பதிவிலும் இல்லாததால் கட்டமும் வாய் திறக்கவில்லை.

உங்கள் வார்டில் கட்டத்தை மூடும்போது காரணம் கேட்கிறதா? இங்கே கேட்கிறது. நாங்கள் பலரும் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டுப் போகிறோம். நீ என்ன எழுதுகிறாய்?

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்